கொலோன் போத்தலை மூடிவிட்டோம், அண்ணி

என் வாயை அடக்கத் தெரிந்த ஒரே ஆளாக இருந்த சாந்தி அண்ணிக்கு,

இரண்டு வாரத்துக்கு முந்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகளுக்குக் காது குத்தினோம். நல்லபடியாக நடந்ததா என்று இப்போதே கேட்காதீர்கள். கதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் படித்து, "ம், பரவால்ல, சாகல" என்று சொன்ன பிறகே முதல் பக்கத்துக்கு வருகிற ஆள் நீங்கள். இந்தத் தடவை அது நடக்காது. எனக்கு அந்த வாரம் எப்படிப் போனதோ, அப்படியே உங்களுக்கும் போகட்டும்.

டெங்குக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனபோது அமுதினிக்கு மூன்றாம் மாதம். இப்போது ஏழு. நாங்கள் குட்டி என்றுதான் கூப்பிடுகிறோம். கவிழ்ந்து படுத்துக்கொண்டு, நீச்சல் தெரியாத ஆள் மகாவலியில் விழுந்த மாதிரி கையையும் காலையும் அடிக்கிறாள். முன்னால் இருக்கிற கிலுகிலுப்பையைப் பார்த்துக்கொண்டே பின்னால் போகிறாள். அதற்கும் என்மேல்தான் கோபம்.

வீட்டு நடப்பு உங்களுக்குத் தெரியவேண்டுமே. அண்ணன் இன்னும் மாநகரசபைத் தண்ணீர் பௌசர் வண்டிதான் ஓட்டுகிறார். விடியும்போது போய் மத்தியானம் வந்துவிடுவார். நான் டவுனில் போட்டோகொப்பிக் கடைக்கு மத்தியானத்துக்குப் பிறகு மட்டும் போகிறேன். அவர் வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போது நான் செருப்பை மாட்டுவேன். குட்டி அவர் கைக்கு மாறுவாள். மஹய்யாவவில் எங்கள் படிக்கட்டில் ஏறி இறங்குகிற எல்லாருக்கும் இந்த நேரக்கணக்கு மனப்பாடம்.

உங்கள் அண்ணன் கம்பளை அத்தான் உங்கள் காரியம் முடிந்த அன்றைக்கு எங்கள் முன்கூடத்தில் கதிரையில் உட்கார்ந்து சொன்னதைச் சொல்லவேண்டும். அவருக்குப் பிள்ளை இல்லை. துணிக்கடை இருக்கிறது, பெரிய வீடு இருக்கிறது, வீட்டோடு இருக்கிற மனைவி இருக்கிறார். பிள்ளையைத் தான் வளர்ப்பதாக அவர் கேட்டதில் பிழை சொல்ல முடியாது.

"காது குத்துற வரைக்கும் பாப்போம் மச்சான்," என்றார் அண்ணனிடம். "அப்பவும் பிள்ள வாடிப் போயிருந்தா நான் கேக்கமாட்டேன். தூக்கிட்டுப் போயிருவேன்."

அண்ணன் தலையை ஆட்டினார். உங்கள் படத்துக்கு மாலை போட்டிருந்த நேரம். வேறு என்ன செய்வார்? நான் வாயைத் திறக்கப் போனேன். அப்போதுதான், என் கையைக் கிள்ளி உட்கார வைக்க இனி நீங்கள் இல்லை என்பது எனக்கு உறைத்தது. திறக்காமலே இருந்துவிட்டேன்.

குட்டியின் தோல் அடுத்த மாதமே கெட்டுப்போகத் தொடங்கியது. முதலில் அரையில் ஒரு சிவப்பு. அப்புறம் தொடை இடுக்கு முழுக்க. மழை வேறு. கண்டி மழை தெரியும்தானே, காலையில் கொடியில் போட்ட துணி நெப்பி மறுநாளும் கையில் ஈரமாகவே ஒட்டும். சரி, கடை டயபர் போடுவோம் என்று போட்டால் அது இன்னும் மோசம். நான் இரவில் மாற்றாமல் தூங்கிவிடுவதால் என்றார்கள். மாற்ற எழும்பினேன். அப்போதும் சிவப்புதான்.

பிள்ளை பார்க்க வந்த ஒவ்வொருவரும் கொண்டுவந்த பரிசுப் பெட்டி உங்கள் அலுமாரிமேல் கோபுரமாக இருந்தது. எல்லாப் பெட்டியிலும் அதே நான்கு சாமான்: சவர்க்காரம், பவுடர், எண்ணெய், பேபி கொலோன். எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன், தோல் காய்ந்து வெடித்தது. பவுடர் போட்டேன், இடுக்கில் மாவு பிசைந்த மாதிரி திரண்டு நின்றது. வாசனை போட்ட ஈரத் தாளால் துடைத்தேன், குட்டி வீறிட்டாள். நெப்பி அலசுகிற தண்ணீரில் கிருமிநாசினி ஊற்றினேன், வீடு வார்டு மாதிரி மணத்ததுதான் மிச்சம். பக்கத்து வீட்டு ஃபரீனா ராத்தா தேங்காயெண்ணெய் என்றார், மேல்வீட்டுக்காரர் மஞ்சள் என்றார். ஆளுக்கொரு வைத்தியம், அடி வாங்கினது குட்டியின் தோல்.

கடைசியில் மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வந்தார். உங்களைப் பார்க்க வந்த அதே சிங்கள மிஸ்தான், அதே குடை. குட்டியின் நெப்பியை அவிழ்த்துப் பார்த்துவிட்டு நாக்கால் ஒரு சத்தம் போட்டார்.

"மாலா, இது என்ன? கடையா இது?" என்று அலுமாரிமேலைக் காட்டினார். "பபாவுக்கு வாசம் ஒண்ணும் வேணாம். கொதிச்சு ஆறின தண்ணி, பஞ்சு. அவ்வளவுதான். தேய்க்க வேணாம், தொட்டுத் தொட்டு எடுக்கணும். முன்னால இருந்து பின்னால. அப்புறம் காத்து. கொஞ்ச நேரம் சும்மா விடு, துணி இல்லாம."

"கொலோன் கூடவா மிஸ்?"

"கொலோன்தான் முதல்ல வேணாம். அதுல ஸ்பிரிட் இருக்குதானே."

கொலோனை மட்டும் என்னால் உடனே எடுத்துவைக்க முடியவில்லை, அண்ணி. காரணம் உங்களுக்கே தெரியும். குளிப்பாட்டி முடிந்து கடைசிச் சட்டித் தண்ணீரில் நாலு துளி விட்டு, "வாசக்காரி வந்துட்டா, வாசக்காரி வந்துட்டா" என்று பாடிக்கொண்டே அவளைத் துடைப்பீர்கள். உங்கள் சீலை, தலையணை, கழுத்து எல்லாம் அந்த வாசம். நீங்கள் போனபிறகு இந்த வீட்டில் குட்டியைத் தவிர உங்களுடையது என்று உயிரோடு இருந்தது அது ஒன்றுதான்.

அதனால் நானும் அண்ணனும் ஒரு தீர்மானத்துக்கு வந்தோம். குட்டியின் உடம்பில் கொலோன் படக்கூடாது. உங்கள் கைக்குட்டை ஒன்றில் தொட்டு, தொட்டில் கொக்கியில் கட்டித் தொங்கவிடுவோம். எட்டாத உயரத்தில். உங்கள் நீலச் சீலையில் கட்டின தொட்டில், மேலே உங்கள் வாசம். அண்ணன் சரி என்றார். முகத்தைப் பார்க்காமல் சரி என்றார். அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

அப்புறமும் புண் ஆறவில்லை. மிஸ் சொன்ன மாதிரியேதான் செய்தேன். தண்ணீரைக் கொதிக்கவைத்து பிளாஸ்கில் ஊற்றிவைத்து, கையின் உட்பக்கத்தில் விட்டுப் பார்த்து, பஞ்சால் ஒற்றி எடுத்தேன். நெப்பியில் சவர்க்கார நுரை துளி இல்லாமல் போகும்வரை அலசினேன். வெயில் இல்லாத நாளில் இஸ்திரி போட்டுக் காயவைத்தேன். நாலு நாள் வாடுகிற மாதிரி இருக்கும், மறுபடி பழையபடி சிவந்துவிடும். சிவப்பைச் சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளி வேறு வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பூஞ்சணம் பிடித்திருக்கிறது என்று டொக்டர் ஒரு களிம்பு எழுதினார், மேலே பூச வெள்ளையாய் இன்னொன்று. நீர்க்கொப்புளம் வந்தாலோ காய்ச்சல் அடித்தாலோ உடனே கொண்டுவரச் சொன்னார், வார்டில் வைக்கவேண்டி வருமாம். உங்களை வார்டில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்த குடும்பம் நாங்கள்.

எல்லாவற்றையும்விட அந்த அழுகைதான் என்னைக் கொன்றது. நெப்பியை அவிழ்த்தாலே அழுவாள். என்னிடம் சிணுங்குவாள், அண்ணனிடம் கதறுவாள். படிக்கட்டில் எல்லாரும் ஒரே தீர்ப்புதான் சொன்னார்கள்: "தாயத் தேடுது பிள்ள." அத்தான் ஒரு நாள் கம்பளையிலிருந்து வந்திருந்தபோது அண்ணன் அவளைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் கத்தின கத்தலில் அத்தான் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியை வைத்துவிட்டு எழும்பிப் போய் வெளியே நின்றார். போகும்போது கண் சிவந்திருந்தது.

"என் தங்கச்சியத் தேடியே இந்தப் பிள்ள கரைஞ்சு போயிரும்," என்றார். "வீட்ல ஒரு பொம்பளையோட மடி வேணும் மாலா. நீ ஒரு கால் கடையில வச்சிருக்க."

அண்ணனும் அதைத்தான் நம்பினார். "எங்கிட்டத்தான் கூட அழுறா, கவனிச்சியா?" என்று ஒரு நாள் கேட்டார். "என்னயப் பாத்தா அவளுக்கு அவ அம்மா ஞாபகம் வருது." சொல்லிவிட்டு அந்த மனுஷன் சிரிக்கப் பார்த்தார். அவருக்கு அதில் ஒரு ஆறுதல் இருந்தது, அண்ணி. உங்களை மறக்காமல் தேடுகிற ஆள் தன்னோடு இன்னொன்று இருக்கிறது என்ற ஆறுதல்.

காதுகுத்துக்கு முந்தின திங்கட்கிழமை அத்தான் போன் எடுத்தார். ஞாயிறு காலையில் காது குத்துகிற பத்தரையும் தன் வாகனத்திலேயே கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னார். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். "எங்க வீட்டு வழக்கப்படியே செய்யணும். பிள்ளய என் மடியில வச்சு, பழசக் கழட்டி, நான் கொண்டு வர்றதப் போடணும். அதுக்கப்புறம்தான் ஊசி."

மடியில் வைத்து, பழசைக் கழற்றி. எல்லாருக்கும் முன்னால். அந்தப் புண்ணோடு.

அன்றிலிருந்து வியாழக்கிழமை வரை நான் நெப்பியை அவிழ்க்கும்போதெல்லாம் சாமி கும்பிட்டுக்கொண்டே அவிழ்த்தேன். பிள்ளையார், முருகன், மாரியம்மன் ஒருவரையும் விடவில்லை. புதன்கிழமை கொஞ்சம் வெளுத்த மாதிரி இருந்தது. வியாழக்கிழமை காலையில் அண்ணன் வேலைக்குப் போனபிறகு பார்த்தால் பழையபடி தீ மாதிரி. என்னதான் விட்டுப்போகிறது? தண்ணீரா, துணியா, என் கையா? நான் தொட்டால்தான் ஆகாதோ? இப்படியெல்லாம் யோசித்தேன் என்றால் என் புத்தி எங்கே போயிருந்தது என்று பாருங்கள்.

அன்றைக்கு மத்தியானம் கடைக்குப் போய்க் கொஞ்ச நேரத்திலேயே கரண்ட் போய்விட்டது. கரண்ட் இல்லாத போட்டோகொப்பிக் கடையில் ஈ ஓட்டவும் வெளிச்சம் இல்லை. முதலாளி வீட்டுக்குப் போகச் சொன்னார். நான் படிக்கட்டில் பாதி ஏறும்போதே குட்டியின் கதறல் கேட்டது. சிணுங்கல் இல்லை, பசியும் இல்லை. யாரோ சூடு வைத்த மாதிரி.

ஓடினேன். அறையில் அண்ணன் தரையில் மண்டியிட்டிருந்தார். குட்டி பாயில் காலை உதறிக்கொண்டு கிடந்தாள். பக்கத்தில் எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீர், அதற்குப் பக்கத்தில் மூடி திறந்த கொலோன் போத்தல். அவர் கையில் பஞ்சு. கண்ணைத் துடைத்துக்கொண்டே, "வாசக்காரி வந்துட்டா, வாசக்காரி வந்துட்டா," என்று பாடிக்கொண்டிருந்தார்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். தொட்டிலில் தொங்கின கைக்குட்டையால் வீடே எப்போதும் மணந்துகொண்டிருந்ததே, எனக்கு எப்படித் தெரியும்?

"என்னாண்ணே செய்ற?"

திடுக்கிட்டுத் திரும்பினார். போத்தலை மறைக்கக்கூட முயலவில்லை. "அவ இப்புடித்தான துடைப்பா," என்றார். "வெறுந்தண்ணியில தொடச்சா யாரோ பிள்ளயத் தொடச்ச மாதிரி இருக்குடி. முதல்ல ரெண்டு சொட்டுத்தான் விட்டேன். இப்பல்லாம் வாசமே தெரிய மாட்டேங்குது எனக்கு. அதான் கொஞ்சம் கூட."

கிண்ணத்தை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். மூக்கில் ஏறியது. கொஞ்சம் கூடவா? அது தண்ணீரே இல்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு, நீங்கள் இருந்திருந்தால் என் வாயைப் பொத்தியிருப்பீர்கள். அவர் வலதுகை முட்டியில் தோல் உரிந்திருந்தது, முந்தின நாள் டயர் மாற்றும்போது பட்டது. அந்தக் கையைப் பிடித்து இழுத்துக் கிண்ணத்துக்குள் அமுக்கினேன். கையை உதறி எடுத்தார். "எரியுதுடி!"

"எரியுதுல்ல? உன் கை காச்சுப்போன கை. அவளுக்கு அந்த இடத்துல தோலே இல்லண்ணே. அவ அம்மாவத் தேடி அழல. எரியுதுன்னு அழுறா. நீ தொடைக்கத் தொடைக்க அழுறா."

அவர் கையைப் பார்த்தார். குட்டியைப் பார்த்தார். அப்புறம் சின்னக் குரலில், "அவளத் தேடலயா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லத்தான் வேண்டியிருந்தது. சொன்னேன். உங்களை இரண்டாம் தரம் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது எனக்கு.

பிளாஸ்கிலிருந்து தண்ணீரை எடுத்து வேறு கிண்ணத்தில் ஆற்றி அவளைக் கழுவினேன். வெறுந்தண்ணீர் ஊற்ற ஊற்ற அழுகை இறங்கி விக்கலாகியது. ஒற்றித் துடைத்து, மடித்த துணிமேல் நெப்பி இல்லாமல் காற்றாடப் போட்டேன். அண்ணன் எழும்பிப் போய்க் கிண்ணத்துத் தண்ணீரை வாசலில் ஊற்றினார். தொட்டிலில் கட்டின கைக்குட்டையை அவரே அவிழ்த்தார். போத்தலை மூடி அலுமாரிக்குள் வைத்தார்.

அதற்குப் பிறகு என்னைக் குட்டிப் பக்கம் போகவிடவில்லை. "நாந்தான் கெடுத்தேன், நாந்தான் பாக்கணும்," என்று வெள்ளிக்கிழமை லீவு போட்டார், சனிக்கிழமையும் போட்டார். நனைந்ததும் மாற்றினார், நனைந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பஞ்சை முன்னாலிருந்து பின்னால் ஒரே இழுவை, அப்புறம் அந்தப் பஞ்சைக் கடாசிவிட்டுப் புதுசு. இடுக்குகளை விரித்து, மெல்லிய பருத்தித் துணியால் ஈரத்தை ஒற்றினார். அளந்து பட்டர் தடவுகிற ஆளா அவர், ஒரு துண்டுப் பாணுக்கே அரைப் போத்தல் ஜாம் கொட்டுகிறவர். அவர் வெள்ளைக் களிம்பை அவ்வளவு பதமாகப் பூசினதைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நெப்பிகளைக் கொதிநீரில் போட்டு எடுத்து, மழை விடுகிற நேரமெல்லாம் கொடிக்கும் வாசலுக்கும் ஓடினார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் நெப்பி மாற்றும்போது குட்டி அழவில்லை. அவர் மூக்கைப் பிடித்து இழுத்தாள். அண்ணன் வேலையை முடித்து அவளை என்னிடம் தந்துவிட்டு வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"அழலையேன்னு சந்தோஷமாத்தான் இருக்கு," என்றார். "ஆனா அழலையே."

நான் குட்டியைத் திரும்ப அவர் மடியில் வைத்தேன்.

ஞாயிறு காலையில் நெப்பியை அவிழ்த்துப் பார்த்தோம். புள்ளிகள் அடங்கியிருந்தன. ஆனால் சிவப்பு முழுக்கப் போகவில்லை. இத்தனை மாதத்துப் புண் மூன்று நாளில் எப்படிப் போகும்? பவுடரை அப்பி மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது. அண்ணன் என் கண் போன இடத்தைப் பார்த்துவிட்டார். "வேணாம். பாத்தா பாத்துட்டுப் போறாங்க," என்றார்.

அத்தான் வந்தார். மனைவி தட்டோடு வந்தார், பத்தர் ஊசிப் பெட்டியோடு வந்தார். மஞ்சள் பட்டுப் பாவாடை, வெள்ளிக் கொலுசு, வளையல், பூ, பழம். தட்டின் நடுவில் பெரிய பரிசுப் பெட்டி ஒன்று, அதில் நீங்கள் வாங்குகிற அதே கொலோன், பெரிய போத்தல். அத்தான் தேடிப் பிடித்து வாங்கியிருக்கிறார்.

அத்தான் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். குட்டியை மடியில் வைத்து, சட்டையைக் கழற்றினார், நெப்பியைக் கழற்றினார். கை நின்றது. அவர் மனைவி குனிந்து பார்த்துவிட்டு, "ஐயோ, வெந்துபோய்க் கெடக்கே பச்சப் பிள்ள," என்று வாயைப் பொத்தினார். வந்திருந்த நாலு பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

அத்தான் அண்ணனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "நான் அன்னைக்குச் சொன்னது ஞாபகம் இருக்குதானே மாலா? காது குத்தினதும் பிள்ளையோட துணிமணிய எடுத்து வை."

அண்ணி, அந்த நேரத்தில் நான் உங்கள் படத்தைத்தான் பார்த்தேன். நீங்கள் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

அத்தான் அதோடு விடவில்லை. "பாவம், தாய் வாசமாவது படட்டும் இது மேல," என்று சொல்லிக்கொண்டே புதுப் போத்தலைத் திருகித் திறந்தார். உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டார். அந்தக் கை குட்டியின் தொடைப்பக்கம் போனது.

அண்ணன் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தார்.

"வேணாம் மச்சான்."

"விடுங்க. என் தங்கச்சியோட வாசம் கூட இந்தப் பிள்ளைக்கு வேணாமா?"

"எரியும் மச்சான்." அண்ணன் கையை விடவில்லை. "அந்தப் புண்ணு நான் செஞ்சது. அவ வாசம் போயிரக் கூடாதுன்னு இத ஊத்தி ஊத்தித் தொடச்சேன். நீங்க அன்னைக்கு வெளிய போய் நின்னீங்களே, அன்னைக்கும் இதான். எரிஞ்சு கத்தினத நாம எல்லாரும் சாந்தியத் தேடுறான்னு சொல்லிட்டோம்."

அத்தானின் கையிலிருந்து கொலோன் பாயில் சொட்டியது. அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. குட்டியோ பெரியவர்களின் வழக்கில் தனக்கு வேலை இல்லை என்று முடிவு செய்து, தாய்மாமனின் பட்டுவேட்டியில் தாராளமாகப் போய்விட்டாள். இரண்டும்.

யாருக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லை. "பிளாஸ்க எடு மாலா," என்றார் அண்ணன். அத்தானை முதலில் கைகழுவ வைத்தார், கொலோன் பட்ட கை என்று. அப்புறம் குட்டியைப் பாயில் கிடத்தி, எல்லார் முன்னாலும், தண்ணீரை மணிக்கட்டில் விட்டுப் பார்த்து, பஞ்சை நனைத்துத் துடைத்தார். அத்தான் கழுவின கையைத் துடைக்காமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோள் விறைத்திருந்தது. அந்தக் கதறலுக்காகக் காத்திருந்தார்.

குட்டி கதறவில்லை. பஞ்சு படும்போது காலை ஒரு தடவை இழுத்துக்கொண்டாள். அப்புறம் மேலே குனிந்திருந்த தாய்மாமனின் மீசையைப் பார்த்து, "ங்கே" என்று ஏதோ விசாரித்தாள்.

அத்தான் மெதுவாக அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "அழ மாட்டேங்குறா," என்றார்.

"எரியல மச்சான். அதான்," என்றார் அண்ணன்.

அத்தான் முகத்தைத் தோள் துண்டில் புதைத்துக்கொண்டு அழுதார். அன்றைக்கு உங்களைத் தூக்கும்போதுகூட அழாத மனுஷன். அவர் மனைவிதான் போத்தலை எடுத்து மூடினார். பிறகு அண்ணனிடம், "அந்தப் பஞ்ச இப்புடிக் குடுங்க, எப்புடி ஒத்துறதுன்னு நானும் பாக்குறேன்," என்றார். கையைக் கழுவிக்கொண்டு வந்து பஞ்சை வாங்கி மெல்ல ஒற்றினார். அத்தனை வருஷம் ஒரு பிள்ளைக்காகக் காத்திருந்த கை அது என்று அப்போதுதான் நான் நினைத்துப் பார்த்தேன். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அப்புறம் காது குத்தினோம். பட்டுப்பாவாடை போட்டு, அண்ணனின் வேட்டிக்கு மாறின அத்தானின் மடியில் வைத்து, அவர் பிடித்துக்கொள்ள, பத்தர் ஊசியை இறக்கினார். குட்டி போட்ட சத்தத்தில் கீழ்வீட்டு நாய் குரைத்தது. எல்லாரும் பதறினோம். அண்ணன் மட்டும் நிம்மதியாகச் சிரித்தார். "பயப்படாதீங்க. இது காதுக்கு அழுற அழுக," என்றார். சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்ததும் ஊசியை மறந்துவிட்டாள்.

சாப்பிட்டு முடிந்து கிளம்பும்போது நான் துணிமணியை எடுத்து வைக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. வாசலில் நின்று கொடியில் தொங்கிய ஈர நெப்பிகளைப் பார்த்தார். "இந்த மழையில இது எப்புடிக் காயும்? வர்ற கிழமை ஆள் அனுப்புறேன். இந்தப் பக்கம் தகரம் இறக்கி ஒரு சாய்ப்புப் போட்டுருவோம்," என்றார். போக இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பி, மனைவியைக் காட்டி, "சனிக்கிழமைல அவ வந்து பிள்ளயப் பாத்துக்குவா. நீ கடைக்கு முழுநாளும் போ," என்றார். கடைசிப் பக்கம் இதுதான் அண்ணி. இப்போது மூச்சு விடுங்கள்.

இன்றைக்கு அந்தச் சாய்ப்பின் கீழேதான் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே மழை, தலைக்குமேல் வரிசையாக நெப்பிகள், எல்லாம் காய்ந்து மொறுமொறுவென்று இருக்கின்றன. எந்த வாசமும் இல்லை. குட்டி உள்ளே தூங்குகிறாள். தோல் ஆறிவிட்டது, பழைய நிறம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

போத்தலை நாங்கள் எறியவில்லை. உங்கள் நீலச் சீலை தொட்டிலில் இருப்பதால், கல்யாணச் சீலையில் சுற்றி அலுமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். அத்தான் கொண்டுவந்ததும் அதற்குப் பக்கத்தில் இருக்கிறது. உங்கள் பெயரைச் சொல்லி ஒரு பச்சைப்பிள்ளையின் வலியை இத்தனை நாள் மறைத்துவிட்டோமே என்று எனக்கு இன்னும் ஆறவில்லை. நீங்கள் இருந்திருந்தால் முதல் நாளே கண்டுபிடித்து எங்கள் எல்லாரையும் வாங்கு வாங்கு என்று வாங்கியிருப்பீர்கள், இல்லையா?

ஒரு சத்தியம் செய்து தருகிறேன். இனி அவள் அழும்போது உங்களைத் தேடுகிறாள் என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கமாட்டேன். பசியா, ஈரமா, எரிச்சலா, எறும்பா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். வளர்ந்து, ஒரு நாள், பசியும் இல்லாமல் காயமும் இல்லாமல், ஏன் என்று அவளுக்கே சொல்லத் தெரியாமல் அழுவாள். அது உங்களுக்கான அழுகை. அதை நான் தவறவிடமாட்டேன். அன்றைக்கு அலுமாரியைத் திறந்து, அவள் உள்ளங்கையில் ஒரு துளி விட்டு, "மோந்து பாரு, இதுதான் உங்கம்மா," என்று சொல்வேன்.

அதுவரைக்கும் வெறுந்தண்ணீரில் அவளைக் கழுவிக்கொண்டிருக்கும்,
உங்கள் வாயாடி நாத்தனார், குட்டியின் அத்தை,
மாலா